மெஷினுக்கு முன்னால் ஈரம்

“குழாயை நான் மூடித்தான் வெச்சேன். சத்தியமா மூடினேன்.”

கதவைத் திறந்ததும் அந்த அம்மாள் சொன்னது இதைத்தான். வாஷிங் மெஷின் மெக்கானிக் தலையசைத்துக்கொண்டார். பின்னாலேயே டூல் பெட்டியைச் சுமந்து வந்த அவருடைய மச்சினன், இப்போதே யாரையாவது கைது செய்துவிடுபவன்போலச் சுற்றுமுற்றும் பார்த்தான். தலையில் வழுக்கை விழுந்தும் அவனுடைய அவசரம் குறையவில்லை.

கூடத்தில் ஒரு காலி சூட்கேஸ் திறந்து கிடந்தது. அதை எடுத்து வந்த மகன் அலுப்போடு பேசினான். “துணி துவைச்சாலே சலவை அறை குளமாயிடுது. கீழ் வீட்டுக்காரர் தினம் சண்டை. ஏற்கெனவே வந்து பாத்தவர் மெஷின்ல கோளாறே இல்லைன்னுட்டார். நீங்களும் அதையே சொன்னா, வீட்டைப் பூட்டிட்டு அம்மாவைக் கூட்டிட்டுப் போயிடுவேன். குழாயை மூடக்கூட மறக்கறவங்களைத் தனியா விட முடியுமா?”

“நான் இங்கேயே இருக்கேன்டா. எனக்கு மறதியெல்லாம் இல்ல” என்றார் அம்மாள். அதை நம்ப அங்கே ஆளில்லை.

மெக்கானிக் மெஷினை வெறும் தண்ணீரில் ஓடவிட்டார். தண்ணீர் வரும் குழாய், போகும் குழாய், கதவு ரப்பர் எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை.

“மாமா, இது கீழ் வீட்டுக்காரன் கைவரிசைதான்!” என்று முன்னால் பாய்ந்த மச்சினன், காய்ந்த தரையிலேயே வழுக்கி உட்கார்ந்தான்.

“நல்ல வேலை செஞ்சே மாப்ள” என்றார் மெக்கானிக். சிரிக்கவில்லை. தரையைத் தொட்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தார். பிறகு ஜன்னல் கொடியில் தொங்கிய துண்டை அமுக்கிப் பார்த்தார். அட்டை மாதிரி விறைத்திருந்தது. பக்கத்தில் ஒரு புடவை, ஒரு ரவிக்கை. அவ்வளவுதான்.

“எப்ப இருந்தும்மா ஒழுகுது?”

“இவன் பொண்டாட்டி, பிள்ளையோட தனியா வீடு பாத்துப் போனதுல இருந்து.”

“எப்பவும் துவைக்கிற மாதிரி இப்பத் துவைங்க.”

அம்மாள் ஒரு புடவையையும் இரண்டு துண்டையும் போட்டார். சோப்புத்தூளை அள்ளினார். ஒரு கரண்டி, இரண்டு, மூன்று, நான்கு. சற்று நேரத்தில் சோப்புத்தூள் போடும் தட்டின் இடுக்கிலிருந்து நுரை பிதுங்கி, முன்பக்கமாக வழிந்து தரையில் ஓடியது.

“பாருங்க தம்பி” என்றார் மெக்கானிக். “குழாய்த் தண்ணி தேங்கிக் காய்ஞ்ச தரை இப்படி வழுக்காது. துண்டுலயும் சோப்பு போகாமத் தங்கியிருக்கு. அம்மா குழாயை மூடித்தான் இருக்காங்க. மெஷினும் நல்லாத்தான் இருக்கு. துணி ஒருத்தருக்கு, தூள் நாலு பேருக்கு.”

“நாலு பேர் இருந்த வீடுப்பா” என்றார் அம்மாள் மெதுவாக. “தலைக்கு ஒரு கரண்டி. கை அதுபாட்டுக்கு அள்ளிடுது.”

மெக்கானிக் மெஷினை நிறுத்தினார்.

மகன் பெருமூச்சு விட்டான். “அப்போ பயமில்லை. நீ இங்கேயே இருக்கலாம்மா.” சொல்லிக்கொண்டே சூட்கேஸை மூடினான். அவன் முகத்தில் நிம்மதி அப்பட்டமாகத் தெரிந்தது. அதை அம்மாளும் பார்த்துவிட்டார்.

“அதைத்தானே நானும் கேட்டேன்” என்றார். “இரு, டீ போடறேன்.”

“லேட்டாயிடுச்சும்மா. இன்னொரு நாள்.”

படியில் அவன் செருப்புச் சத்தம் ஓய்ந்தது. மச்சினன் பெட்டியைத் தூக்கினான். இன்னும் இரண்டு வீடுகள் காத்திருந்தன.

“கீழ வை” என்றார் மெக்கானிக். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “எனக்குச் சக்கரை கம்மியா போடுங்கம்மா.”