நுனி கிள்ளிய கை

காலை பத்து மணி.

பொலிஸ் நிலையத்தில் தொலைபேசி அலறியது.

சப் இன்ஸ்பெக்டர் பெற்றிசியா எடுத்தாள்.

"மிஸ்... என்ர வளவுக்குள்ள கஞ்சா நிக்குது. கெதியா வந்து என்னைப் பிடியுங்கோ!"

பெற்றிசியா ரிசீவரை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். கடல் வழியாக மூட்டை மூட்டையாகக் கஞ்சா வந்திறங்கும் மன்னாரில், ஒருவர் விதை போட்டு, தண்ணீர் ஊற்றிக் கஷ்டப்பட்டு வளர்க்கிறாராம்! பிறகு, தானே கூப்பிட்டுக் காட்டியும் கொடுக்கிறாராம்!

"நீங்கள் ஆர்?"

"வசந்தமலர். வெண்டித் தோட்டம் செய்யிறனான்."

அரை மணி நேரத்தில், திருக்கேதீஸ்வரத்துக்கு அப்பால் ஒரு வயற்கிராமத்தில் ஜீப் நின்றது.

தமிழ்நாட்டு அகதி முகாமில் முப்பது வருடம் கழித்துவிட்டு, போன வருடம்தான் மகளோடு ஊர் திரும்பியவள் வசந்தமலர். பொலிஸைக் கூட்டிக்கொண்டு நேரே பின்வளவுக்கு நடந்தாள்.

வெண்டிச் செடிகளுக்குப் பின்னால்...

ஒன்பது கஞ்சாச் செடிகள்!

ஒன்றுகூட இடுப்புக்கு மேலே போகவில்லை. நுனிகள் அளவாக வெட்டப்பட்டிருந்தன. கிளைகள் நாலு பக்கமும் வளைக்கப்பட்டு, நீல நைலோன் நூலால் தடிகளில் கட்டப்பட்டிருந்தன. அடியிலைகளைக் காணோம். வேலிக்கு வெளியே நின்று பார்த்தால் ஓர் இலைகூடத் தெரியாது.

"சலூனுக்குப் போய் வந்த கஞ்சா, மிஸ்!" என்றான் கான்ஸ்டபிள் றெனால்ட்.

"ஆர் வளர்த்தது?" பெற்றிசியா கேட்டாள்.

"தில்லைநாதன் ஐயா. ஊர்ச் சங்கத் தலைவர். என்ர காணிப் பத்திரத்துக்கு அவற்ற கடிதம் வேணும். வாயைத் திறந்தா கடிதம் இல்லையெண்டவர்."

"பிறகேன் இப்ப திறந்தனீங்கள்?"

வசந்தமலரின் கண்கள் கலங்கின.

"நேற்று என்ர மகள் வேணுஜாவைத் தண்ணி ஊத்தச் சொன்னவர், மிஸ்! அவள் மாட்டுப்பட முதல் என்னைப் பிடியுங்கோ!"

ஜீப் சத்தம் கேட்டுத் தில்லைநாதனே வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி. நெற்றி நிறையத் திருநீறு. முகம் நிறையக் கவலை... ஊரைப் பற்றி!

"பார்த்தீங்களோ பிள்ளை! முகாமில இருந்து வந்ததுகளுக்கு இடம் குடுத்தா இதுதான்! இவளை உடனே கொண்டுபோங்கோ!"

"நீங்கள்தான் வளர்த்ததெண்டு இவ சொல்லுறா."

"நானோ? எனக்குக் கஞ்சாவுக்கும் கீரைக்கும் வித்தியாசம் தெரியாது!"

கூடி நின்ற ஊர், தலைவரோடு சேர்ந்து தலையாட்டியது.

சாட்சி இல்லை. வளவு வசந்தமலருடையது. விலங்கும் அவளுக்குத்தான்!

றெனால்ட் விலங்கை எடுத்தான்.

"அம்மா...!" வேணுஜா ஓடிவந்து தாயைக் கட்டிக்கொண்டாள்.

பெற்றிசியா மறுபடி செடிகளைப் பார்த்தாள். எவ்வளவு செல்லம்! இப்படி வளர்த்தவன், கண்ணெதிரே தன் பிள்ளைகளை வெட்டினால் சும்மா நிற்பானா?

"பொறு, றெனால்ட். முதல்ல இதுகளை வெட்டுவம். கத்தரிக்கோல் தா."

கட்டியிருந்த ஒரு கிளையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள்.

மளுக்!

தில்லைநாதன் தொண்டையைச் செருமினார்.

இன்னொரு கிளை. மளுக்!

அவர் நெற்றித் திருநீறு வியர்வையில் கரைந்தது.

பெற்றிசியா ஒன்பதிலும் கொழுத்த செடியைத் தேர்ந்தெடுத்தாள். கத்தரிக்கோலை ஒரு கணுவுக்குக் கீழே வைத்தாள்...

"ஐயோ! கணுவுக்குக் கீழ வெட்டாதேங்கோ பிள்ளை!"

ஊரே திரும்பியது.

வாய் நின்றால்தானே!

"மேல வெட்டினாத்தான் ரெண்டு கிளை வெடிக்கும்! கிளையை உப்பிடியே இழுக்கிறது? ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு... ரெண்டு மாசமா நான்..."

வாய் நின்றுவிட்டது. கொஞ்சம் பிந்தி!

"ரெண்டு மாசமா நீங்கள்...?"

"வீ... வீடியோவில பார்த்தனான்! வீடியோ பார்க்கிறது குற்றமோ? இஞ்ச பாருங்கோ!"

அவசரத்தில் தன் கைபேசியையே நீட்டினார்.

'முதன்முறை கஞ்சா வளர்ப்பவர்களுக்கு... நுனி வெட்டுவது எப்படி?'

பெற்றிசியாவின் விரல் படத்தைத் தாண்டிக் கீழே இறங்கியது. பார்த்தவர்கள் எழுதிய கருத்துகள் வரிசையாக வந்தன. ஒன்றில் விரல் நின்றது. உதட்டில் சிரிப்பு!

"றெனால்ட், இதை ஊருக்குக் கேக்க வாசி."

"'மன்னாரிலிருந்து தில்லைநாதன், சங்கத் தலைவர். முதல் முறை வளர்க்கிறேன். ஒன்பது செடி. நுனி வெட்டிவிட்டேன். மிக்க நன்றி ஐயா!'"

ஊர் தலையாட்டுவதை நிறுத்தியது.

வேணுஜா தாயின் தோளில் முகம் புதைத்து விம்மினாள். இந்த முறை பயத்தில் அல்ல.

"அந்த வீடியோக்காரன் பதில் போட்டிருக்கிறானோ?" என்றாள் பெற்றிசியா.

"ஓம் மிஸ். 'வாழ்த்துகள் ஐயா! அறுவடை எப்போது?'"

க்ளிக்! விலங்கு தில்லைநாதனின் மணிக்கட்டில் பூட்டிக்கொண்டது.

"'இண்டைக்கு' எண்டு பதில் போடுங்கோ, தலைவர்!"