தேனீக்காரனின் விலாசம்

"இந்தப் பெட்டிக்குள்ளயா நீங்க தூங்குறீங்க?"

கேட்ட பிறகுதான் ஜூனி நாக்கைக் கடித்துக்கொண்டாள். துப்பாக்கி வாங்கக் கடைக்கு வந்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

எதிரே நின்றவன் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. மழையில் தொப்பலாக நனைந்திருந்தான். தொப்பி விளிம்பிலிருந்து கவுண்டர் கண்ணாடி மேல் சொட்டுச் சொட்டாக நீர் விழ, புரியாமல் விழித்தான். சாம்பல் நிறக் கண்கள்... மழை ஓய்ந்ததும் மலைக்கு மேல் ஒரு வெளிச்சம் வருமே, அந்த நிறம். 'கண்ணைப் பார்க்காதே, காகிதத்தைப் பார்' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"எந்தப் பெட்டி?"

"உங்க டிரைவிங் லைசென்ஸ்ல போட்டிருக்கே... எமெட் டோலன், தபால் பெட்டி நூத்திப் பதினாலு."

"இந்த ஊர்ல எல்லாருக்கும் அதுதானே விலாசம்? வீட்டு வாசலுக்கு எங்க தபால் வருது? உங்களுக்கும் பெட்டிதானே?"

"எண்பத்தொண்ணு. ஆனா நான் அதுக்குள்ள குடியிருக்கல. இந்தப் படிவத்துல வசிக்கிற இடம் கேக்குறாங்க. ரோடு பேரு, வீட்டு நம்பர். அது உங்க பேரோட ஏதாவது ஒரு அரசாங்கக் காகிதத்துல இருக்கணும். இல்லாட்டி அந்தத் துப்பாக்கி இந்தக் கவுண்டரைத் தாண்டாது."

"மூணு நாளா கரடி வந்து என் தேனீக்கூட்டை எல்லாம் பிச்சுப் போட்டிருக்கு. பதினோரு கூடு! சத்தம் போட்டு விரட்ட ஒரு துப்பாக்கி கேட்டா... கரடிகிட்டயும் இதெல்லாம் கேப்பீங்களா?"

"அது இங்க துப்பாக்கி வாங்க வந்தா கேப்பேன்."

அவன் லைசென்ஸைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனான். கதவின் மணி வெகுநேரம் ஆடியது.

உள்ளே தூண்டில் முள்களைப் பிரித்துக்கொண்டிருந்த ராய்ஸ் எட்டிப் பார்த்தார். ஜூனியின் அம்மாவுக்குத் தம்பி, கடைக்குச் சொந்தக்காரர்.

"என்னம்மா, வந்தவனை இப்படி விரட்டிட்ட?"

"சட்டம் மாமா. தப்பா வித்தா உங்க கடை லைசென்ஸ் போயிடும்."

"சட்டம் சரி... உன் முகம் ஏன் சிவந்து கெடக்கு?"

அவளுக்கே தெரியவில்லை. ஆறு வருடமாக இந்தக் கவுண்டரில் நிற்கிறாள். தபால் பெட்டி எண்ணோடு வருகிறவர்கள் வாரத்துக்கு நாலு பேர். திருப்பி அனுப்பியதற்காக ஒரு நாளும் அவள் வருந்தியதில்லை. இன்று மட்டும் ஏன் கண்ணாடி மேல் கிடக்கும் நீரைத் துடைக்க மனசு வரவில்லை?

மறுநாள் அவன் வந்தான், தொலைபேசி பில்லோடு.

"தொலைபேசிக் கம்பெனி அரசாங்கம் இல்லையே..."

அதற்கு மறுநாளும் வந்தான். நாலாக மடித்த ஒரு கடிதம்.

"பாதிரியார் எழுதினது. என்னை நல்லாத் தெரியும்னு."

"இதுவும் செல்லாதுங்க."

"கடவுளோட ஆளுங்க அவரு! அதுக்கு மேல பெரிய அரசாங்கம் எது?"

"மாவட்ட அலுவலகம்."

அவன் அவளையே பார்த்தான். பிறகு... சிரித்துவிட்டான்! கன்னத்தில் குழி விழுந்தது. ஜூனிக்குக் கையிலிருந்த பேனா நழுவியது. அடடா, இதென்ன வம்பு! காகிதம் சரியாக இருக்க வேண்டுமே என்று ஒரு மனம் வேண்டியது. சரியாக இருந்தால் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு போய்விடுவானே, பிறகு எதற்கு வருவான் என்று இன்னொரு மனம் பதறியது. எது தன் மனம் என்றே அவளுக்கு விளங்கவில்லை.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, வெறுங்கையோடு வந்தான்.

"மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். வசிக்கிற விலாசத்தைப் போட்டே என் லாரிக்குப் பதிவுக் காகிதம் தர்றாங்களாம். அது உங்களுக்குச் செல்லும்தானே?"

"செல்லும்!" ஏன் இத்தனை சத்தமாகச் சொன்னோம்?

"ஆனா நிலத்துக்காரர்கிட்ட கடிதம் வேணுமாம், நான் அங்கதான் இருக்கேன்னு. நான் குடியிருக்கிற டிரெய்லர் வண்டி நிக்கிறது ஒரு மேய்ச்சல் நிலத்து ஓரத்துல. எனக்கு முன்னால தேனீ வச்சிருந்தவர் காலத்துலேருந்து வாடகை என்னன்னா, வருஷத்துக்கு ஒரு பெட்டி தேன். ஆகஸ்ட்ல வாசல்ல வச்சிட்டு வந்துடுவேன். ஆளை நான் பார்த்ததே இல்ல." தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "பெரியவரு பேரு ஹால்வர்சன். எங்க பார்க்கலாம்னு தெரியுமா?"

ஜூனியின் கை சட்டையில் குத்தியிருந்த பெயர்ப் பட்டைக்குப் போனது.

அதில் ஜூனி என்று மட்டும்தான் இருந்தது. ஜூனி ஹால்வர்சன். பெரியவர் அவளுடைய அப்பா. அவர் போய் இரண்டு வருடமாகிறது. தேன் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அப்பாவின் காலத்துக் கிழவர் யாரோ வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்திருந்தாள்.

"நல்ல மனுஷன்போல," என்றான் எமெட். "போன வருஷம் மழை இல்ல, தேன் குறைவு, மன்னிக்கணும்னு ஒரு சீட்டு எழுதி வச்சேன். இருப்பதே போதும், தேனீக்கள் நலமா அப்படின்னு பதில் எழுதி வச்சிருந்தாரு. தேனீ நல்லா இருக்கான்னு என்கிட்ட யாரும் கேட்டதே இல்லங்க."

நான்தான் கேட்டேன்... நான்தான்! சொல்லேன் ஜூனி!

"கடிதம்தானே... நான் சொல்லிப் பார்க்கிறேன்," என்று உளறினாள்.

அன்று மாலை சமையலறை மேஜையில் உட்கார்ந்து மூன்று தாள்களைக் கசக்கிப் போட்டாள். 'எமெட் டோலன் என் நிலத்தில் வசிக்கிறார்.' எழுத எளிதுதான். ஆனால் உண்மையா? முதல் பனி விழுந்தால் தேனீக்காரர்கள் கூடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் பாதாம் தோட்டங்களுக்கு மகரந்தச் சேர்க்கைக்காகப் போய்விடுவார்கள் என்பது இங்கே யாருக்குத் தெரியாது? அப்படியானால் அவன் வீடு எது? அவன் எங்கே இருந்தால் தனக்கென்ன? இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் எழுதாமல், நாலாவது தாளில் உண்மையை உண்மையாக எழுதி மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கடையிலிருந்து மின்வேலிக் கம்பிச் சுருளையும் பேட்டரியையும் வண்டியில் போட்டுக்கொண்டு மேய்ச்சல் நிலத்தின் அந்தக் கோடிக்குப் போனாள். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. உடைந்த கூடுகளுக்கு நடுவே மண்டியிட்டிருந்த எமெட் நிமிர்ந்தான். அவளைப் பார்த்ததும் அந்தச் சாம்பல் கண்களில்... மகிழ்ச்சிதானே அது?

"நீங்க எப்படி இங்க?"

"கடிதம் கொண்டு வந்தேன். பெரியவர் இறந்துட்டாரு. நிலம் இப்ப அவர் பொண்ணோடது." மடித்த தாளை நீட்டினாள். "நான்தான் அது."

அவன் முகம் மெல்ல மாறியது.

"அப்போ நாலு நாளா என்னை அலைய விட்டு வேடிக்கை பார்த்தீங்களா?"

"ஐயோ இல்ல! எனக்கே வெள்ளிக்கிழமைதான்..."

"ஒரு வரி எழுத வேண்டியவங்க கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்னு, அது செல்லாது இது செல்லாதுன்னு... சக்கரத்து மேல குடியிருக்கிறவன்தானேன்னு இளக்காரம்!"

"இளக்காரமா? முதல்ல கடிதத்தைப் படிங்க!"

படித்தான். 'எமெட் டோலன் மே மாதம் முதல் அக்டோபர் வரை என் நிலத்தில் வசிக்கிறார். அதற்குப் பிறகு அவர் எங்கே இருப்பார் என்பது எனக்குத் தெரியாது. ஜூனி ஹால்வர்சன்.'

"இந்தக் கடைசி வரி எதுக்கு? யாரும் கேக்கலையே!"

"நான் கேக்குறேன்!" வார்த்தை வெடித்து வந்தது. "நவம்பர்ல எங்க இருப்பீங்க?"

"தேனீ எங்க போகுதோ அங்க."

"அப்போ உங்க வீடு எது?"

அவன் கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான். தூறல் இருவருக்கும் நடுவே விழுந்துகொண்டிருந்தது. ஜூனிக்கு அழுகை வந்தது, எதற்கென்று தெரியாத அழுகை. வண்டியிலிருந்து கம்பிச் சுருளை இறக்கி அவன் காலடியில் போட்டாள்.

"துப்பாக்கி கிடைக்கிற வரைக்கும் இதைக் கட்டுங்க. தேன்ல கழிச்சுக்கலாம்."

கழியை அவன் அடித்தான், கம்பியை அவள் இழுத்துக் கட்டினாள். முடிந்ததும் அவள் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தாள்.

ஒரு வாரம் போனது. இரண்டு வாரம். கதவு மணி அடிக்கும்போதெல்லாம் அவள் கழுத்து திரும்பியது. வந்தவர்கள் எல்லாம் மீன் பிடிக்கிறவர்கள்.

"அந்தத் தேனீக்காரன் இருக்கானே..." என்றார் மாமா ஒரு நாள், அவளைப் பார்க்காமல். "தீவனக் கடையில பார்த்தேன். வேலியில ஒரு தடவை மூக்கை வச்ச கரடி, அதுக்கப்புறம் அந்தப் பக்கமே வரலையாம். நல்ல வேலை செஞ்சிருக்கம்மா."

நல்ல வேலை! கரடி இல்லை, அதனால் துப்பாக்கி வேண்டாம். துப்பாக்கி வேண்டாம், அதனால் கடைக்கு வர வேண்டியதில்லை. தன் கையாலேயே கம்பி இழுத்துக் கட்டித் தன் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டாளே!

ஜூன் மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, வெளியே வெயிலும் மழையும் சேர்ந்து அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் கதவு மணி அடித்தது.

எமெட்!

முகச்சவரம் செய்திருந்தான். சட்டைக்கு இஸ்திரி கூடப் போட்டிருந்தான். உறையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கண்ணாடி மேல் இரண்டு கையாலும் நீவி வைத்தான். லாரியின் பதிவுக் காகிதம். மேலே மாவட்ட முத்திரை. 'எமெட் டோலன், 2260, பழைய படகுத்துறை ரோடு.' அவளுடைய நிலம் இருக்கும் ரோடு.

"சரியா இருக்கா பாருங்க."

ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தாள். எழுத்துகள் ஏன் இப்படிக் கலங்குகின்றன?

"சரியா இருக்கு," என்றாள். "மாமா... அந்தத் துப்பாக்கியை எடுங்க."

"வேண்டாம்," என்றான் எமெட்.

ராய்ஸ் அலமாரி முன் பாதி எட்டிய கையோடு நின்றார்.

"வேண்டாமா? அப்புறம் எதுக்கு இவ்வளவு அலைஞ்சீங்க?" ஜூனிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

"இது செல்லும்னு நீங்க சொல்லிக் கேக்கணும். அதுக்குத்தான்." தொப்பியை எடுத்து மார்போடு பிடித்துக்கொண்டான். "உங்க கடைசி வரியில எனக்கு ரோஷம் வந்துச்சு. டிரெய்லர்ல படுத்து யோசிச்சா, அது எனக்கும் தெரியாதுதான். பத்து வருஷமா தெரியாது. யாரும் கேட்டதுமில்ல. மாவட்ட அலுவலகத்துல அந்த அம்மா கேட்டாங்க, அக்டோபருக்கு அப்புறமும் இந்த விலாசம்தானான்னு... ஆமான்னு சொல்லிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிஞ்சுது."

"தேனீ?"

"தேனீ போகும். இந்தத் தடவை என் தம்பி கூட்டிட்டுப் போறான்."

"நீங்க?"

"நான் இருக்கேன், ஜூனி. நீ இருக்கிற ஊர்ல இருக்கேன். இருக்கலாமா?"

நீ என்றானே... கவனித்தாளா? கவனித்தாள். காது வரை கவனித்தாள். இத்தனை நாள் குழம்பிக் கிடந்தது எல்லாம் ஒரே நொடியில் தெளிந்து, தெளிந்த வேகத்தில் கண்ணில் நீராக நின்றது.

"உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும்," என்றாள். "திட்டக் கூடாது."

"சொல்லு."

"பதினோரு கூடு போச்சுன்னு நீங்க எவ்வளவு வருத்தப்பட்டீங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தும் இத்தனை நாளா தினமும் வேண்டிக்கிட்டேன்... அந்தக் கரடி திரும்பி வரணும்னு."