ஆளில்லாத நிரை

அந்தத் தேயிலைச் செடியில் யாரோ கொழுந்து பறித்திருந்தார்கள்.

பிரியந்தி குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். சுற்றிலும் நாற்பது வருஷமாகக் கவ்வாத்துக் கத்தி படாமல் மரமாகிப்போன தேயிலை, பாசி தொங்கும் கிளைகளோடு, ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்து நின்றது. நடுவில் இந்த ஒன்று மட்டும் இடுப்பளவில், பலகை வைத்து அழுத்தியது மாதிரி மட்டமாக இருந்தது. அதன் தலையில் இருபது இடத்தில் கொழுந்து ஒடிக்கப்பட்டிருந்தது. ஒடித்த காம்பின் நுனியில் ஈரம். பறித்துக் கொஞ்ச நேரம் போனால் அந்த நுனி பழுப்பாகிவிடும். இது இன்னும் பச்சையாகவே இருந்தது. இதையெல்லாம் அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. படிக்காமலே தெரிந்திருப்பதுதான் அவளுக்கு எரிச்சல்.

"என்ன டீச்சர், கம்பம் எண்ண வந்தியா, கொழுந்துக்கு வந்தியா?"

பின்னால் மிலான். ஹட்டன் டவுன்காரன், கையில் போன், முழங்கால் வரை அட்டைக்குப் பயந்து இழுத்துக் கட்டிய காலுறை. இரண்டு பேருக்கும் ஒரே வேலை. மலைநாடு முழுக்கத் தோட்டம், காடு, பழைய பங்களா என்று சுற்றிப் போகும் நெடுந்தூர நடைபாதையில், மஞ்சள் அம்புக்குறி போட்ட கம்பங்கள் நிமிர்ந்து நிற்கின்றனவா என்று நடந்து பார்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். இன்றைக்கு மஸ்கெலியாவுக்கு மேலே, கருக்காமலைத் தோட்டத்தின் கைவிடப்பட்ட மேல்பிரிவு. பதினொரு கம்பம். ஏழு முடிந்துவிட்டது. பதினோராவது கம்பத்தில் தார் ரோட்டு, அங்கே வேன்.

"யாரோ இங்க பறிச்சிருக்காங்க, பாரு."

"கள்ளக் கொழுந்து பறிக்கிறவனா இருக்கும்."

"இந்தக் காட்டுக்குள்ள வந்து, ஒரே ஒரு செடியிலயா?"

"ஒண்ணு போதும்னு நெனச்சிருப்பான். ஆசையில்லாத கள்ளன்." மிலான் செடியைப் படம் எடுத்தான். "வா வா, மூணரை ஆகுது. பனி எறங்குது. திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போற ஆளு, அட்டை கடிச்ச காலோட போய் நின்னா புள்ளைங்க சிரிக்கும்."

திங்கட்கிழமை. அந்தச் சொல்லை நினைத்தாலே அவளுக்கு மூச்சு லேசாகியது. பட்டம் வாங்கி மூன்று வருஷம் தெருவில் அலைந்து, பதாகை பிடித்து, மனு எழுதி, கடைசியில் ஆசிரியர் நியமனம் வந்திருந்தது. நுவரெலியாவுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். இந்தக் கம்பம் எண்ணும் வேலைக்கு இன்றோடு சரி. தோட்டத்து லயத்து வீட்டில் அம்மா ராசம்மா நியமனக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். முப்பத்தொரு வருஷம் கொழுந்து எடுத்தவள். "நீ கூடையத் தொட்டேன்னு வையி, நான் சோத்தைத் தொட மாட்டேன்" என்று பத்து வயதில் சொன்னவள். பிரியந்தி தொட்டதில்லை. விளையாட்டுக்குக்கூட ஒரு கொழுந்தை ஒடித்ததில்லை.

நடந்தார்கள். நான்காவது கம்பத்தில் பார்த்த பலகை அவளுக்கு இன்னும் தொண்டையில் நின்றது. துரை பங்களாவின் வரலாறு. பன்னிரண்டு ஜன்னல், இங்கிலாந்திலிருந்து 'கொண்டுவரப்பட்ட' பியானோ. தானாக நடந்து மலையேறியிருக்கும் போல. பங்களாவுக்குப் பின்னால் துரையின் நாய்க்குக் கல்லறை, அதற்கும் ஒரு பலகை. இந்த மேல்பிரிவில்தான் ஒரு மழைநாளில், நிறுவை முடியாமல் மலையை விட்டு இறங்க விடாமல் நிறுத்தி வைத்ததில், மண் சரிந்து பதினேழு பெண்கள் தேயிலை நிரையோடு புதைந்து போனார்கள். தோண்டி எடுக்கவே இல்லை. தோட்டத்தை மூடிவிட்டார்கள். அவர்களுக்கும் ஒரு பலகை வையுங்கள் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். நடைப் பயணிகளின் மனநிலைக்குப் பொருந்தாது என்று பதில் வந்தது.

"நாய்க்குப் பொருந்துமாம், பொம்பளைங்களுக்குப் பொருந்தாதாம்," என்றாள் சத்தமாக.

"இன்னைக்கு இது பதினாலாவது தடவ," என்றான் மிலான். "நான் முன்னுக்குப் போயி எட்டாவது கம்பத்த எடுக்கிறேன். நீ கோவப்பட்டு முடிச்சிட்டு வா."

அவனுடைய சிவப்பு மழைக்கோட்டு பத்தடி போனது, இருபதடி போனது, பிறகு பனிமூட்டம் அதைத் துடைத்துவிட்டது.

பனி மேலிருந்து இறங்கவில்லை, தரையிலிருந்து எழும்பி வந்தது. வடிகான்களுக்குள்ளிருந்தும் வேர்களுக்கடியிலிருந்தும் கசிந்து, முதலில் கணுக்காலை நனைத்து, பிறகு மரமாகிப்போன தேயிலைகளின் நடுவை மறைத்து, கடைசியில் பாசித் தலைகளை மட்டும் தொங்கவிட்டு வைத்தது. அதோடு ஒரு வாசமும் வந்தது. நசுங்கிய பச்சைக் கொழுந்து, ஈரச் சாக்கு, வாயில் ஊறிய வெற்றிலை, அதற்கெல்லாம் அடியில் புதிதாக வெட்டிய குழியின் மண். மிலானின் சப்பாத்துச் சத்தம் கேட்குமென்று அவள் நின்றாள். வேறு சத்தம் கேட்டது. மெல்லியது. தட். தட்தட். கொழுந்தின் கழுத்து விரலிடுக்கில் ஒடியும் சத்தம், பிறகு கைநிறைய இலை தோளுக்கு மேலாகக் கூடைக்குள் விழும் சரசரப்பு. ஒரு இடத்திலிருந்து இல்லை. இடப்பக்கம், வலப்பக்கம், மேலே, வரிசை வரிசையாக.

காற்றில் இலை அடிக்கிறது என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு இலைகூட ஆடவில்லை.

"மிலான்?"

சத்தம் நின்றது. எல்லாம் ஒரே நேரத்தில்.

அப்போது மேலேயிருந்து ஒரு ஆம்பிளைக் குரல், வயதான, கரகரத்த, அவசரமே இல்லாத குரல்:

"பொலி!"

"பொலியோ பொலி!" என்றாள் பிரியந்தி.

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது தெரிந்தது. கையால் வாயைப் பொத்தினாள்.

காலையில் பெண்கள் ஆளுக்கொரு நிரை பிடித்து நின்றதும் கங்காணி 'பொலி' என்பார். அத்தனை பெண்களும் 'பொலியோ பொலி' என்று பதில் கொடுத்த பிறகுதான் முதல் கொழுந்தில் கை வைப்பார்கள். கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் நிற்பது குற்றம், அன்றைக்குக் கொழுந்து பொலியாது. அம்மா கொழுந்துக்குப் போகையில் விட்டுப்போன பிள்ளைக் காம்பராவில் தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து கேட்டது. கம்பஸில் நான்கு வருஷம் இருந்தும், இங்கிலீஷில் கட்டுரை எழுதியும், அது வாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. மிலான் டவுனில் வளர்ந்தவன். அவன் கேட்டிருந்தால் "என்னது?" என்றிருப்பான்.



பிறகு பெண்கள் பதில் சொன்னார்கள். நிறையப் பேர். அவளுக்காகக் காத்திருந்து, அவள் சொன்ன பிறகு.

"பொலியோ பொலி."

அவள் ஓடினாள். பாதை நேராகக் கீழே போக வேண்டும். போகவில்லை. இரண்டு பக்கமும் கிளைகள் முகத்தில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. குனிந்து பார்த்தாள். மரங்கள் இல்லை. இடுப்பளவில், மட்டமாக, இடைவெளி விடாமல் நெருக்கி நின்றது தேயிலை. மேலேயும் கீழேயும் ஒரே ஒற்றையடி இடுக்கு. அதற்குள் அவள் நின்றாள்.

ஒரு நிரைக்குள்.

குறுக்கே புகுந்து கடக்கப் பார்த்தாள். செடி விடவில்லை. வாதுகள் இடுப்பில் கையைப் போல வளைந்து தள்ளின. பனி கொஞ்சம் கலைந்தது. இடப்பக்க நிரையில் ஒரு பெண், குனிந்த தலை, நெற்றியில் கூடைக் கயிறு, இடுப்பில் சாக்கு. அதற்கப்பால் இன்னொருத்தி. அதற்கப்பால் இன்னொருத்தி. யாரும் திரும்பவில்லை. கைகள் மட்டும் போய்ப் போய் வந்தன.

"அக்கா," என்றாள். "அக்கா, ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"பேச்சு வேணாம்," என்றது மேலேயிருந்து அந்தக் குரல். கோபமில்லை. "நிரைய முடிச்சிட்டுப் போ தாயி. ரோட்டு மேலதான் இருக்கு."

பிடித்த நிரையைப் பாதியில் விட்டு வெளியே வரக்கூடாது. அதுவும் அவளுக்குத் தெரியும். முடித்தால் விட்டுவிடுவார்கள், அதுவும் தெரியும். மேலே ஒரு அடி வைத்தாள். செடி மறித்தது. கை தானாக முன்னே போனது. இழுத்துக்கொண்டாள். அம்மா சொன்னதை நினைத்தாள். சாமிப் படத்துக்குப் பின்னால் இருக்கும் கடிதத்தை நினைத்தாள். திங்கட்கிழமையை நினைத்தாள். போவதற்காகத்தானே, ஒன்றே ஒன்று, என்று நினைத்தாள்.

ஒடித்தாள். தட்.

செடி விலகியது. ஒரு அடி.

அவ்வளவு சுலபம். இன்னொன்று. இன்னொரு அடி. எப்படிப் பிடிப்பது, எங்கே ஒடிப்பது என்று கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. தட். தட்தட். பறித்ததைத் தோளுக்கு மேலாக எறிந்தாள். கீழே விழவில்லை. முதுகில் எதிலோ விழுந்தது. நெற்றியில் ஒரு கயிறு இறுகியது. கை நிற்கவில்லை.

"டீச்சர்!"

மிலான். பக்கத்தில். சிவப்பு மழைக்கோட்டு பனியைக் கிழித்துக்கொண்டு அவளுடைய வலப்பக்கம் வந்தது. கைக்கெட்டும் தூரம்.

"டீச்சர், விளையாட வேணாம். எனக்குப் பயமா இருக்கு. பிரியந்தி!"

அவன் கண் அவளைத் தாண்டி எங்கோ பார்த்தது. 'மிலான், இங்க' என்று கத்தினாள். வாய் திறந்தது. நாக்கு அசையவில்லை. பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் ஏதோ குளிர்ந்து அடைத்திருந்தது. அவன் அழுகிற குரலில் போனில் யாரிடமோ பேசிக்கொண்டே கீழே போனான். அவள் துப்பினாள்.

செம்மண்.

பனி கறுத்தது. பனி வெளுத்தது. நிரை முடியவில்லை.

வெளுத்த பிறகு நிறையக் குரல்கள் கேட்டன. தோட்டத்து ஆட்கள், தடி, விசில். பொலிஸ்காரர் ஒருவர் சிங்களத்தில், தங்கச்சியைக் கூப்பிடுவது போல, "நங்கி! நங்கி!" என்று கூப்பிட்டுக்கொண்டே போனார். மிலான், தூங்காத முகம். அவனுக்குப் பின்னால், மடக்கிய குடையை ஊன்றிக்கொண்டு, மூச்சு வாங்க, ராசம்மா.

"அம்மா, வேன்லயே இருங்கன்னு சொன்னேன்ல. வழுக்குது."

"எம் புள்ள. நான் கூப்பிட்டா வருவா. நீ போ தம்பி முன்னுக்கு, நான் வர்றேன்."

அவன் போனான். ராசம்மா நின்றாள். பிரியந்தியின் செடிக்கு முன்னால்தான் நின்றாள். ஒடித்த காம்பின் நுனியைக் காய்ப்புக் காய்த்த விரலால் தொட்டாள். ஈரத்தை முகர்ந்தாள். முகம் மாறியது.

"அம்மாடி," என்றாள் மெதுவாக. "யாரு பறிச்சது இது?"

அம்மா, போ. வாய்க்குள் மண் நறநறத்தது. போம்மா. பிரியந்தியின் கைகள் அம்மாவின் முகத்துக்கு முன்னாலேயே கொழுந்தை ஒடித்து ஒடித்துத் தோளுக்கு மேலே எறிந்தன. ராசம்மாவின் கண் எதையும் காணாமல் தேடியது. இடப்பக்கம் பெண்கள் கையை நிறுத்தினார்கள். முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினார்கள். எல்லா வாயும் சிவப்பாக அடைத்திருந்தது. எல்லாக் கண்ணும் ராசம்மாவின் மேல்.

பிரியந்தி வலப்பக்கம் பார்த்தாள். அடுத்த நிரையில் ஆளில்லை.

மேலே கங்காணி தொண்டையைச் செருமினார்.

"பொலி!"

முன்னால் போய்க்கொண்டிருந்த மிலான் திரும்பவில்லை. பொலிஸ்காரர் திரும்பவில்லை. ராசம்மா மட்டும், முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில், முதுகை நிமிர்த்திக் குடையைக் கீழே போட்டுவிட்டு, வாயைத் திறந்தாள்.