நாற்பது விளக்குகளும் ஐந்தாவது ஸ்பிரிங்கும்

சுண்டெலிக்கு வயிறு எரிந்தது. சாப்பாட்டின் மேல் குற்றமில்லை. எதிர் மேசையில் துரையின் நரம்பு பளபளவென்று மின்னியதுதான் காரணம்.

நாளை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. வயதானாலும் நரம்பு இழை எப்படி அறுந்துபோகாமல் இருக்கிறது? ஐந்தாம் வகுப்புக்கு அதுதான் தலைப்பு. ஆளுக்கொரு மாதிரி நரம்பு செய்துவர வேண்டும்.

துரை என்பது வகுப்பு வைத்த பெயர். அவனுடைய பென்சில் பெட்டியைக்கூட வேறு யாராவதுதான் தூக்கி வருவார்கள். இந்த நரம்பையும் அவன் அப்பாவின் அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர் செய்தார்கள், இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். பின்னால் வெறுங்கையோடு நடந்து வந்த துரை களைத்துப்போனான்.

ஆறடி நீளப் பிளாஸ்டிக் குழாய். கண்ணாடிபோல் இருந்தது. உள்ளே நாற்பது குட்டி விளக்குகள்.

சுண்டெலியின் நரம்போ ஒரு பழைய காலுறை. உள்ளே திரைச்சீலை வளையங்கள். இரண்டு வளையங்களுக்கு நடுவே ஒரு பேனா ஸ்பிரிங். நுனியில் ஒரே ஒரு விளக்கு. ஸ்பிரிங்குக்காக வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் அவள் பிரித்துப் போட்டதில், "வீட்டுக்குள்ள சுண்டெலி புகுந்துடுச்சு" என்று அப்பா வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

"இது என்ன, சாக்ஸா? துவைச்சியா?" என்றான் துரை.

"துவைச்சேன்! உன்னோடதுல வளையம் எங்கே? ஸ்பிரிங் எங்கே? டீச்சர் சொன்னாங்கல்ல? நரம்பு இழைக்குள்ள புரதம் வளையம் வளையமா இருக்கும், நடுவுல ஸ்பிரிங் மாதிரி இன்னொரு புரதம் இருக்கும். அதனாலதான் காலமெல்லாம் குனிஞ்சு நிமிர்ந்தாலும் இழை அறுந்து போறதில்ல."

"உள்ள இருக்கறத யாரு பார்க்கப் போறாங்க? வெளிச்சத்தைத்தான் பார்ப்பாங்க."

உண்மைதான். அதனால் அவளுக்கு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

ஆனால் அறிவியல் டீச்சர் ஒரு சோதனை வைத்திருந்தார். ஒருமுறை வளைத்தால் ஒரு வயது. எண்பது வயது வரை விளக்கு எரிய வேண்டும்.

சுண்டெலி குழாயை உற்றுப் பார்த்தாள். சுமந்து வந்ததில் நடுவே மடிந்து, வெள்ளையாகக் கோடு விழுந்திருந்தது. அந்த இடத்தில் விளக்குக் கம்பி நசுங்கும். இருபது வயதைத் தாண்டாது!

நாளை எல்லார் முன்னாலும் நாற்பது விளக்கும் ஒன்றாக அணையும். நினைக்க நினைக்க மிட்டாய்போல் இனித்தது. பையை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனாள். போனவள் சும்மா போயிருக்கலாம். திரும்பிப் பார்த்தாள்.

ஆட்களெல்லாம் போய்விட்டார்கள். துரை தனியாக உட்கார்ந்து, தன் கைக்குட்டையால் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் வாழ்நாளில் துடைத்த முதல் பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

"சே!" என்று தன்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்தாள். "உன் நரம்பு அறுந்துடும்."

"உனக்குப் பொறாமை!"

"ஆமா, பொறாமைதான். காலையிலேருந்து வயிறு எரியுது. ஆனாலும் அறுந்துடும். வளைச்சுப் பாரு."

வளைத்தான். பதினொன்றாவது முறை நாற்பது விளக்கும் பொட்டென்று அணைந்தன.

"பதினோரு வயசுலயா? நமக்கு அடுத்த வருஷமே பதினொண்ணு!" துரை கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"அழாத. கம்பியை முறுக்கிச் சேர்ப்போம். மடியற இடத்துல வளையமும் அஞ்சு ஸ்பிரிங்கும் வைக்கணும். எங்கிட்ட வளையம் நிறைய இருக்கு, ஸ்பிரிங் நாலுதான்."

ஐந்தாவதைத் தேடித் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள். அவர் கண்ணாடி முன் நின்று வரவேற்புரையைப் பழகிக்கொண்டிருந்தார். "அறிவுக் கடலே! ஆற்றலின் மலையே!"

"சார், உங்க பேனாவுலேருந்து ஸ்பிரிங் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ, எடுத்துக்கோ... மலையே! வானமே!"

எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலுறை எண்பது வயதைத் தாண்டியது. குழாயும் தாண்டியது. கூட்டமோ நாற்பது விளக்கைச் சுற்றித்தான் நின்றது. சுண்டெலிக்கு மறுபடியும் எரிந்தது.

சிறப்பு விருந்தினர் நரம்பு மருத்துவர். குழாயை வளைத்துப் பார்த்தவர், "பரவாயில்லையே! உள்ள என்ன வெச்சிருக்க?" என்று கேட்டார்.

துரை நெஞ்சை நிமிர்த்தினான். வாயைத் திறந்தான். மூடினான்.

"அது அவ வெச்சது. அவளைக் கேளுங்க."

கூட்டம் முழுவதும் காலுறைப் பக்கம் திரும்பியது. சுண்டெலி வளையத்தையும் ஸ்பிரிங்கையும் காட்டிக் காட்டி விளக்கினாள். வயிற்றெரிச்சல் எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியாது.

"இதைப் பாராட்டி எழுதியே ஆகணும்," என்றார் மருத்துவர்.

தலைமையாசிரியர் தன் தங்கநிறப் பேனாவைப் பணிவோடு நீட்டினார். மருத்துவர் அழுத்தினார். முனை எட்டிப் பார்த்தது. தாளில் வைத்ததும் உள்ளே போய்விட்டது. தலைமையாசிரியர் வாங்கி அழுத்தினார், உதறினார், ஊதினார்.

சுண்டெலியும் துரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவே இல்லை. பார்த்தால் சிரித்துவிடுவார்கள். இருவரும் குழாயைத்தான் பார்த்தார்கள். அங்கே ஐந்தாவது ஸ்பிரிங், எண்பது வயதிலும் அலுக்காமல் வேலை செய்துகொண்டிருந்தது.