ரெண்டு பேர் போற வண்டி

“இன்னிக்கும் பஸ்தானா?”

அடுப்படி வாசலில் நின்றபடி மாமியார் கேட்டபோது அவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். கேள்வி அவளிடம்தான். பார்வை மட்டும் முன்னறையில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த மகன்மேல் இருந்தது.

“ஆமா அத்தை.”

“அவன் அச்சகத்துக்குப் போற ரோட்டுலதான் உன் தையல் கம்பெனியும் இருக்கு. கல்யாணமான நாள்லேர்ந்து அவன் பின்னாடி உக்காந்து போனவ, இப்ப முழங்கால்ல தைலத்தைத் தேய்ச்சுக்கிட்டு பஸ்ஸுக்கு நடக்குற… ஏன்னு கேட்டா வாயைத் திறக்குறதில்ல!”

அவள் டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.

“எனக்குத் தெரியாதாக்கும்! மாடியில கார் வந்து நின்னதுலேர்ந்து என் புள்ளையோட வண்டி உன் கண்ணுக்குத் தகரமாத் தெரியுது!”

அவளுக்குச் சுருக்கென்றது. மாடியில் கொழுந்தனும் ஓரகத்தியும் குடியிருந்தார்கள். அவர்கள் புதுக் கார் வாங்கிய அன்று அவள் உள்ளே ஏறி உட்கார்ந்து, “மெத்தை மாதிரி இருக்கே!” என்று சிரித்தது உண்மைதான். அந்தச் சிரிப்பை மாமியார் இவ்வளவு நாள் பத்திரப்படுத்தி வைத்திருப்பார் என்று யார் கண்டது?

“விடும்மா,” என்றான் கணவன். குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது. “அவ சொல்லலேன்னா எனக்குப் புரியாதா? பழைய வண்டி… நாலு பேர் முன்னாடி ஏறி இறங்கக் கூச்சமா இருக்கும். வித்துடப் போறேன். ஆள் பார்த்தாச்சு.”

“என்னது… விக்கப் போறீங்களா?”

“உனக்காகத்தான். புதுசு ஒண்ணு எடுத்தா, அப்பவாவது பின்னாடி உக்காருவியா?”

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்குள் வாசலில் வண்டி ஒரே உதையில் கிளம்பிப் போய்விட்டது. அந்த வண்டியைத் துடைக்க அவன் தன் பழைய சட்டைகளைத்தான் கிழிப்பான், வேறு துணி ஆகாது. அதையா விற்கப் போகிறான்? தனக்காகவா?

பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அந்த மழை நாள் மறுபடியும் மனசுக்குள் ஓடியது.

வேலை முடிந்து இரண்டு பேரும் நனைந்தபடி வந்துகொண்டிருந்தார்கள். பாலத்து வளைவில் பின்சக்கரம் ஒரு நொடி தன் இஷ்டத்துக்கு நழுவியது. ஓட்டுகிறவன் கைக்கு அது தெரியவில்லை. பின்னால் இருந்தவள் இடுப்புக்குத் தெரிந்துவிட்டது.

“என்னங்க, பின் டயர் வழுக்குது. மாத்திடுங்களேன்.”

அவனுக்கு நல்ல பசி. முன்னால் ஒரு லாரி வேறு வழிவிடாமல் உயிரை எடுத்துக்கொண்டிருந்தது. “பின்னாடி உக்காந்துக்கிட்டு நீ வண்டி ஓட்டாத! பயமா இருந்தா இறங்கி பஸ்ல வா!”

வீடு வருவதற்குள் அவன் அதை மறந்துவிட்டான். அவளால் மறக்க முடியவில்லை. மறுநாள் பஸ்ஸில் ஏறினாள். அதில் பாதி ரோஷம். மீதிப் பாதியை யாரிடம் சொல்லுவாள்? தான் இறங்கிக்கொண்டால் அந்தத் தேய்ந்த சக்கரத்துக்கு ஒரு ஆள் பாரமாவது குறையுமே என்றுதான்… அப்படிக் கணக்குப் போட்டது சரியா தப்பா என்றுகூட அவளுக்குத் தெரியாது. மழை பெய்கிற சாயங்காலங்களில் வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்வரை அவளுக்கு ஒரு வேலையும் ஓடாது.

இன்று சனிக்கிழமை, இரண்டு பேருக்கும் அரை நாள்தான் வேலை. மத்தியானம் வழக்கம்போல பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டயர் கடையில் போய் உட்கார்ந்தாள். கடையை நடத்துவது ஒரு பெண். முழங்கை வரை கறுப்பு, வாய் நிறையச் சிரிப்பு. கால் வலியோடு நின்றவளைப் பார்த்து, “இப்படி உக்காரும்மா” என்று ஸ்டூலை நகர்த்திப் போட்ட நாளிலிருந்து பழக்கம். அவளுக்கு அக்கா என்று கூப்பிட்டே பழகிவிட்டது.

டயர் அடுக்குகளுக்குப் பின்னால் அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது.

“ரெண்டு டயரும் மாத்தணும்,” என்றான் கணவன். அவளை அவன் பார்க்கவில்லை. “வாங்க வந்தவர் சக்கரத்தைப் பார்த்துட்டு மாத்திக் கொண்டாங்கன்னுட்டார். விக்கப் போற வண்டி. ஏதோ ஒண்ணை மாட்டுங்க, போதும்.”

அக்கா குனிந்து பின் டயரை விரலால் தடவினாள். “நடுவுல மொழுமொழுன்னு ஆயிடுச்சு. ஓரமெல்லாம் வெடிப்பு. மழையில இதை வச்சுக்கிட்டா ஓட்டுனீங்க?”

“எனக்கு ஒண்ணும் தெரியல.”

அதற்குமேல் அவளால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

“விக்கிற வண்டின்னா ஏதோ ஒண்ணு போதுமா? வாங்குறவர் வீட்டுலயும் ஒருத்தி பின்னாடி உக்காருவா இல்ல?”

அவன் திரும்பினான். “நீ… நீ இங்க என்ன பண்ற?”

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அட, இவர்தானா! சார், இந்தம்மா தெனமும் வந்து இந்தச் சைஸ் டயரைத்தான் தடவித் தடவிப் பார்க்கும். ‘அக்கா, மழையில வழுக்காதது எது? ரெண்டு பேர் போற வண்டி’ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்!”

“ரெண்டு பேரா…?” அவன் குரல் இறங்கிப்போனது. “நீதான் ஏறவே மாட்டேங்குறியே…”

“நீங்கதானே இறங்கச் சொன்னீங்க!”

தெருவில் போன யாரோ திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை. இத்தனை நாள் அடைத்து வைத்திருந்தது அழுகையும் பேச்சுமாகக் கொட்டியது. “பாலத்துகிட்ட… அன்னிக்கு மழையில… பயமா இருந்தா பஸ்ல வான்னு சொன்னீங்க. எனக்கா பயம்? உங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிடுமோன்னுதான்… அதைப் போய் கூச்சப்படுறேன்னு சொல்லிட்டீங்களே! அந்த வண்டியில உக்காந்துதானே நான் உங்க வீட்டுக்கே வந்தேன்!”

அவன் நினைவைத் துழாவுவது முகத்தில் தெரிந்தது. பிறகு, ஞாபகம் வந்துவிட்டதும் தெரிந்தது. ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, அவளை ஸ்டூலில் உட்கார வைத்து, பக்கத்தில் கால் மடக்கி உட்கார்ந்தான்.

“சொன்னேன். சொல்லிட்டு மறந்தும் போயிட்டேன்… நீ அதுக்காக இவ்வளவு நாள் நடந்தியா? இந்தக் காலோடவா?”

அவள் மூக்கை உறிஞ்சினாள். அக்கா சத்தமில்லாமல் போய் இரண்டு டீ வாங்கி வந்து வைத்தாள்.

“சரி, நீயே சொல்லு,” என்றான் அவன். “எதைப் போடலாம்?”

அக்கா மூன்றை எடுத்து உருட்டி வந்தாள். ஒன்று அகலமாக, பார்க்க ஜோராக இருந்தது. அவன் கண் அதில் நிற்பதைப் பார்த்து, “அழகா இருக்கும், ஆனா செயின் கவர்ல உரசும்” என்று அக்காவே அதை ஓரம் கட்டினாள். மற்ற இரண்டில் ஒன்று கெட்டி ரப்பர். நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் பிடிப்பு குறைவு. இன்னொன்று மெதுவான ரப்பர். மழையில் ரோட்டை விடாது, ஆனால் சீக்கிரம் தேயும்.

அவள் தயங்கினாள். “சீக்கிரம் தேயுமாமே…”

“தேயட்டும். மறுபடி வந்து மாத்திக்கலாம்,” என்றான் அவன். “மெதுவானதையே போடுங்கக்கா. முன்னாடிக்கும் நல்லதாப் பாருங்க. டியூபும் புதுசா இருக்கட்டும். வண்டியை விக்கல.”

பழைய டயர் கழன்று தரையில் விழுந்தபோது அவளுக்கு மூச்சு இலேசானது.

“புது டயர் கொஞ்ச தூரம் ஓடுற வரைக்கும் வழவழன்னுதான் இருக்கும். மெதுவாப் போங்க,” என்று சொல்லி அனுப்பினாள் அக்கா. மெதுவாகவே போனார்கள். சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போனார்கள். பாலத்து வளைவில் சக்கரம் நழுவாமல், பிடித்த பிடியில் திரும்பியது. அவன் லேசாகத் தலையைத் திருப்பி, “எப்படி இருக்கு?” என்றான்.

“ரோட்டைப் பாருங்க!” என்றாள் அவள். தோளில் வைத்திருந்த கையை எடுக்கவில்லை.

இரண்டு பேரும் ஒன்றாக வந்து இறங்கியதைப் பார்த்த மாமியார், வாளியும் கையுமாக வாசலிலேயே நின்றுவிட்டார். அவன் ஒன்றும் மறைக்கவில்லை. நடந்ததையெல்லாம் சொன்னான். கேட்கக் கேட்க அம்மாவின் முகம் சிவந்தது.

“பொண்டாட்டியை நடுரோட்டுல இறங்குன்னு சொல்ற வாயாடா உன் வாய்! அது தெரியாம நான் வேற காலையில இவளைப் பிடிச்சு…” வாளியைக் கீழே வைத்தார். மருமகளின் தோளிலிருந்து பையை வாங்கி, அதோடு சேர்த்து அவளையும் இழுத்து அணைத்துக்கொண்டார். “என்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா… நான் என்ன மூணாம் மனுஷியா?”

“சொன்னா உங்க புள்ளையைத் திட்டுவீங்க அத்தை.”

“திட்டத்தான் போறேன்! நீ உள்ள போய்க் காலை நீட்டி உக்காரு. இன்னிக்கு அடுப்படி பக்கம் தலை காட்டினா பாரு!”

மாமியார் மகன் பக்கம் திரும்பினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வாசலில் திட்டு ஆரம்பமானது. கால் நீட்டி உட்கார்ந்து, அதை ஒரு சொல் விடாமல் நிம்மதியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.