மாறிப்போன ஊன்றுகோல்

"ஏங்க, கொஞ்சம் நில்லுங்க. உங்க வலது கையில இருக்கிறது என்னோட குச்சி."

மூடுபனிக்குள்ளிருந்து வந்த குரலுக்கு அவள் மெல்லத் திரும்பினாள். மலைமுகட்டில் மூச்சிரைக்க நின்றிருந்தவனை அவளுக்கு நினைவிருந்தது. நேற்று மாலை தங்குகுடிலில் எதிரே அமர்ந்து, தன் காலுறைக் கிழிசலை மிகுந்த சிரத்தையோடு தப்பும் தவறுமாகத் தைத்துக்கொண்டிருந்தவன். ஊசியைப் பிடுங்கித் தானே தைத்துவிடலாமா என்று அவள் கை துறுதுறுத்தது. ஆனால், அறிமுகமில்லாதவரிடம் எப்படிப் பேசுவது...

"இது என்னோடதுதான்," என்றாள்.

"அப்ப ஏன் ஒரு பக்கமாவே சாஞ்சு நடக்கிறீங்க?"

இரண்டு கோல்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள். ஒன்று நான்கு விரல் நீளம் அதிகம். குடிலின் வாசல் தொட்டியில் எல்லோரும் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். விடியலின் அரையிருட்டில் இருவரும் ஒன்றை மாற்றி எடுத்திருக்கிறார்கள். ஆளைப் பார்த்தே சட்டையளவு சொல்லும் தையற்கடைக்காரியான அவள், நடை சாய்வதற்குக் காலையிலிருந்து பாதையின்மேல் பழி போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். காதுமடல் சுட்டது.

"நீங்க எதிர்த்திசையில போறவராச்சே... ஒரு குச்சிக்காகவா திரும்ப மலையேறி வந்தீங்க?"

"மூக்குக்கண்ணாடி செய்யறவன் நான். அளவு தப்பினா தூக்கம் வராது."

தூறல் விழத் தொடங்கியது. அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். இப்போதுதான் விழித்த குழந்தையின் கண்களைப் போல இருந்தன அவை... அவள் அவசரமாகப் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

"முன்னாடி சாய்பாறை வருது. நேத்து நான் தாண்டினதுதான். பையைக் குடுங்க, அந்தப் பக்கம் விட்டுட்டுப் போறேன்."

அவள் முகம் இறுகியது. நீச்சல், ஓவியம், கணினி வகுப்பு... எல்லாவற்றையும் பாதியில் விட்டவள் என்பது வீட்டில் அவளுக்கிருந்த பெயர். 'பாதி வழியில போன் பண்ணுவ, நான் வண்டி எடுத்துட்டு வரணும்,' என்று சிரித்த அண்ணனிடம், 'பாதை முடியற இடத்துல வந்து நில்லு,' என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தாள்.

"எல்லாரும் இப்படித்தான் பையை வாங்கிக்கிறீங்க. அப்புறம் உன்னால முடியலையேன்னு சொல்றீங்க. நன்றி, நீங்க கிளம்பலாம்."

பாறையில் கால் வைத்தாள். வலப்புறம் பள்ளம். நடுவில் காற்று தள்ள, அப்படியே குனிந்து நின்றாள்.

"நான் உதவிக்கு வரல," பின்னாலிருந்து குரல் கேட்டது. "இங்கேயேதான் நிக்கிறேன். வேணும்னா கூப்பிடுங்க. வேணாம்னா திரும்பிப் பாக்காதீங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பள்ளத்துப் பக்கம் நெட்டைக் கோல், மேட்டுப் பக்கம் குட்டைக் கோல்... அந்தச் சரிவுக்கென்றே அளவெடுத்ததுபோல் இரண்டும் ஊன்றி நின்றன. அடிமேல் அடி வைத்துக் கடந்தாள். அதன் பிறகே அவனும் கடந்து வந்தான், தொப்பலாக நனைந்து.

"உண்மையச் சொல்லுங்க. குச்சிக்காகவா வந்தீங்க?"

அவன் தயங்கினான். "குச்சி எந்தக் கடையிலயும் கிடைக்கும். நேத்து என் தையலப் பாத்து ஒரு முகம் சுளிச்சீங்களே... அது எந்தக் கடையிலயும் கிடைக்காது. ஒரு வார்த்தை பேசாமப் போறோமேன்னு என்னையே திட்டிக்கிட்டு நடந்தேன். குச்சி மாறியிருக்கறதப் பாத்ததும்தான் உயிரே வந்துச்சு."

அவள் முகத்தில் வழிந்த மழைநீரைத் துடைத்துக்கொண்டாள்.

"கூட வர்றேன்னு கேட்டா முடியாதுன்னுதான் சொல்வேன். கடைசிவரைக்கும் தனியாத்தான் நடக்கணும் எனக்கு."

"தெரியும். என் பாதையும் அந்தப் பக்கம் பாக்கியிருக்கு." கோலுக்காகக் கை நீட்டினான்.

அவள் கொடுக்கவில்லை. "இது என்கிட்ட இருக்கட்டும். என்னோடது உங்ககிட்ட. உங்க நடை முடிஞ்சதும் பஸ் பிடிச்சு, என் பாதை முடியற இடத்துக்கு வாங்க. எங்க அண்ணன் காத்துட்டிருப்பார். பக்கத்துல நில்லுங்க."

"யாருன்னு கேட்டா?"

அவள் முதுகுப்பையின் வாரை இறுக்கிக்கொண்டாள்.

"எனக்குப் பிடிச்சவர்னு சொல்லுங்க. நடந்து வந்து, ஆமான்னு நானே சொல்றேன்."

பிறகு முகட்டின்மேல் நடக்கத் தொடங்கினாள்... ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி, நிற்காமல்.