இறங்க மறுத்த கதவு

செவ்வாய்க் குடியிருப்பில் வேலை முடிந்து வீட்டு வாசல் வரை வந்துவிட்டாலும், உள்ளே போவதற்கு முதலில் காற்று வர வேண்டும். வண்டி வண்டியறைக்குள் நுழையும். வெளிக்கதவு மேலிருந்து இறங்கி மூடும். அறையில் காற்று நிரம்பும். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் போகும் உள்கதவு திறக்கும். இந்த இடைவெளியில் சிலர் பாட்டுக் கேட்பார்கள். சிலர் வண்டியில் இருந்தபடியே சாப்பாட்டுச் சண்டையை ஆரம்பித்துவிடுவார்கள்.

செண்பகம் தூங்குகிற ரகம். பனிச்சுரங்கத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்திருந்தாள். வண்டியை நிறுத்தியதுமே கண் சொருகியது. வெளிக்கதவு முழங்கால் உயரம் வரை இறங்கியது. நின்றது. யோசித்ததுபோல் மறுபடி மேலே போய்விட்டது.

அவள் பொத்தானை அழுத்தினாள். கதவு இறங்கியது, ஏறியது. இன்னொரு முறை. அதே கதை.

"ஏங்க, கதவு மூடமாட்டேங்குது" என்றாள் ஒலிக்கருவியில்.

உள்ளே அவள் கணவன் குணசீலன் தோசை வார்த்துக்கொண்டிருந்தான். "பொத்தான நல்லா அழுத்துனியா?"

"இல்ல, தடவிக் குடுத்தேன்."

"சரி சரி, கோவப்படாத. அணைச்சுட்டுப் போட்டுப் பாக்கறேன்."

அணைத்தான், போட்டான். கதவு இறங்கியது, ஏறியது. வண்டியின் காற்றுவிளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. ஊரின் பொதுவாசல் மலைக்கு அந்தப் பக்கம். மிச்சமிருந்த காற்றில் அவ்வளவு தூரம் போக முடியாது. வீட்டில் இருந்த ஒரே வெளியுடையும் அவள் உடம்பில்தான் இருந்தது. குணசீலனால் உள்கதவின் சின்னக் கண்ணாடி வழியே பார்க்க மட்டுமே முடியும்.

உதவி மையத்தின் குரல் இனிமையாகப் பேசியது: "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். பழுதுநீக்கி புறப்பட்டுவிட்டது. அதுவரை தயவுசெய்து குறைவாக மூச்சு விடவும்."

"இவனுங்க திருந்தவே மாட்டானுங்க" என்றபடி செண்பகம் வண்டியை விட்டு இறங்கினாள். கதவு ஏறி இறங்கும் பக்கவாட்டுத் தண்டவாளத்தில் செம்மண் அடைத்திருக்கும் என்று நினைத்து விளக்குமாற்றை எடுத்துப் பெருக்கினாள். கை வலித்தது. இடுப்பு வலித்தது. தண்டவாளம் பளிச்சென்று ஆனது. கதவு முழங்கால் வரை இறங்கி, ஏறிக்கொண்டது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"செம்பா, எந்திரிம்மா" என்றான் குணசீலன். அவள் உடையின் காற்றுவிளக்கு சிவப்பாகியிருந்தது அவனுக்கும் தெரிந்தது.

அப்போதுதான் பழுதுநீக்கி வந்தது. ஆள் உயரம், நான்கு கை, அங்கங்கே ஒட்டுப்போட்ட பழைய எந்திரம். மோட்டாரைத் தொட்டுப் பார்த்தது. கம்பியை இழுத்துப் பார்த்தது. "எல்லாம் நன்றாக இருக்கின்றன. கதவு தன் வழியில் ஏதோ நிற்பதாக நினைக்கிறது."

"ஒண்ணுமே நிக்கலையே!"

"ஆம். எனக்கும் புரியவில்லை."

கதவின் கீழ் இருபுறமும் இரண்டு சின்னக் கண்கள் உண்டு. ஒன்றிலிருந்து புறப்படும் ஒளி மற்றொன்றில் விழ வேண்டும். நடுவில் யாராவது நின்று ஒளி மறைந்தால், ஆளை நசுக்காமல் கதவு மேலே போய்விடும். செண்பகம் தவழ்ந்து போய் வலதுபக்கக் கண்ணைப் பார்த்தாள். அதன் மீது திட்டமாக, வட்டமாக, சந்தனம். சந்தனத்தின் நடுவே குங்குமம்.

கையுறையால் அழுத்தித் துடைத்தாள். கதவு இறங்கியது. தரையைத் தொட்டது. உஸ்ஸென்று காற்று வரத் தொடங்கியது.

நன்றாக மூச்சு வந்ததும் முதல் வேலையாகத் திட்டினாள். "ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கறேன்னு கண்ணுலயா வைப்பீங்க? என்னையக் கொல்லப் பாத்தீங்களே!"

"அய்யோ, நான் நெத்தியிலதான் வெச்சேன். மேல பாரு!"

கதவின் நெற்றியில் அவன் வைத்த பொட்டு இருந்தது.

"கண்ணில் வைத்தது நான்" என்றது பழுதுநீக்கி. "நேற்று நீங்கள் வேலைக்குப் போன பிறகு, பராமரிப்பின்போது."

"நீயா? ஏன்?"

"இந்தக் குடியிருப்பில் ஓடுகிற கதவு ஒவ்வொன்றிலும் பொட்டு இருக்கிறது. பழைய இரும்புக் கிடங்கில் கிடக்கும் எதிலும் இல்லை. எனவே பொட்டு அவசியமான உதிரிபாகம் என்று அறிந்துகொண்டேன். கதவில் முக்கியமான பாகம் கண். ஆகவே அங்கே வைத்தேன்."

அவ்வளவு அசதியிலும் செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. "அட மக்கு! தூக்கிப் போட்ட கதவுக்கு யாரு பொட்டு வைப்பா? பொட்டுனால எதுவும் ஓடாது."

"அப்படியானால் எல்லாக் கதவுகளிலிருந்தும் பொட்டை அழித்துவிடட்டுமா? அந்த நெற்றிப் பொட்டையும்?"

"அழிச்..." என்று ஆரம்பித்தவள் நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள். "அது வேணாம். கண்ண மட்டும் தொடச்சு விடு, போதும்."

"பொட்டினால் எதுவும் ஓடாது என்றீர்களே. பிறகு ஏன்?"

செண்பகம் யோசித்தாள். "எதுக்கும் இருக்கட்டுமே."

பழுதுநீக்கி அந்தச் சொற்களைப் பதிந்துகொண்டது.

உள்கதவு திறந்தது. குணசீலன் ஓடி வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் இன்னொரு கையில் குங்குமச் சிமிழ். "பெரிய கண்டம் தப்பிச்சிருக்க. கதவுக்கு இன்னொண்ணு வெச்சுரலாம். கண்ணுல படாம, ஓரமா."

"வெச்சுத் தொலைங்க. எனக்குத் தூக்கம் வருது."

அவன் வைத்துவிட்டுத் திரும்பினான். பழுதுநீக்கி போகாமல் நின்றது. ஒட்டுப்போட்ட முழங்கால்களைக் கிரீச்சிட மடக்கி அவன் உயரத்துக்கும் கீழே குனிந்தது. தன் இரு கண்களுக்கும் நடுவே இருந்த வெற்றிடத்தை ஒரு விரலால் காட்டியது.

"நாளை மறுநாள் எனக்குத் தகுதிச் சோதனை" என்றது. "எதுக்கும் இருக்கட்டுமே."